உப்பாபீஸ் வருகைப் பதிவேடு

14 நவம்பர் 2022, திங்கள்

நூலக வார விழா இன்று ஆரம்பம். காலையில் நாலு பேர், மாலையில் ஐந்து பேர் வந்தார்கள். அந்த ஐந்தில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். பத்திரிகையைக்கூடத் தொடவில்லை.

மாவட்ட ஆபீஸ் உத்தரவுப்படி, இந்த வருடம் அதிக நாள் வந்த ஐந்து வாசகர்களின் பெயரை எழுதி வாசல் பலகையில் ஒட்டினேன். முதலிடம் வே. கடற்கரையாண்டி, 93 நாட்கள். சான்றிதழ்கள் ஐந்தும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

இன்னொரு கடிதமும் வந்திருக்கிறது. இந்தக் கட்டடத்துக்கு நூற்று முப்பத்தைந்து வயதாகிறதாம். பொதுப்பணித்துறையிலிருந்து எஞ்சினியர் வந்து அளப்பாராம். இதுவரை இங்கே எந்தெந்த ஆபீஸ் இயங்கியது என்று கிளை நூலகர் தாணுமூர்த்தி, அதாவது நான், ஒரு பக்கக் குறிப்பு தர வேண்டுமாம். எதற்கென்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியை விட்டதில்தான் விஷயம் இருக்கிறது.

மாலையில் கதவைச் சாத்தும் முன் பதிவேட்டைச் சரிசெய்தேன். நீலப் பேனா தீர்ந்துவிட்டது.

16 நவம்பர், புதன்

எஞ்சினியர் வந்தார். டேப்பைப் பிடிக்க ஆள் இல்லை என்று என்னையே பிடிக்கச் சொன்னார். சுவரில் பூத்திருந்த உப்பைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். உருப்படியான அதிகாரி யாராவது அப்படிச் செய்வாரா?

"ஊருக்குள்ள வழி கேட்டா ஆளுக்கொரு பேர் சொல்றாங்க சார். உப்பாபீஸ்ங்கிறாங்க, டேசன்ங்கிறாங்க, கஜானாங்கிறாங்க. லைப்ரரின்னு சொன்னா யாருக்கும் தெரியல" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் குத்தல் எனக்குப் புரிந்தது.

கம்பிக் கதவு போட்ட அறையைக் காட்டினேன். அது பழைய லாக்கப், இப்போது அகராதிகள் வைத்திருக்கும் குறிப்புதவிப் பகுதி. அப்புறம் இரும்புக் கதவு போட்ட கஜானா அறை. அதில் பழைய பதிவேடுகளை அடுக்கியிருக்கிறேன். "இதத் திறங்க" என்றார். சாவி வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பழைய பதிவேடுகளில் எஞ்சினியருக்கு என்ன வேலை?

17 நவம்பர், வியாழன்

ஒரு பெண்மணி வந்தார். வயது அறுபதுக்குப் பக்கம். கையில் வயர் கூடை. வாசல் பலகைமுன் வெகுநேரம் நின்றார். பெருக்க வரும் ரோசம்மாளைக் கூப்பிட்டு எதையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு உள்ளே வந்து, வாசலைப் பார்த்தபடி இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு புத்தகத்தைக்கூடத் தொடவில்லை. பகல் பன்னிரண்டரைக்கு நான் கதவைச் சாத்தும்போது எழுந்து போனார். மாலை நாலுக்குத் திறந்தபோது படியில் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே வருகிற ஒவ்வொருவரின் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கிறார். எண்ணுகிறார் என்று நினைக்கிறேன்.

19 நவம்பர், சனி

நேற்று வார விடுமுறை. இன்று திறக்கும் முன்பே அந்தப் பெண்மணி படியில் இருந்தார்.

ஒரு நாளைக்கு முப்பது பேராவது வராத கிளைகளை எடுத்துவிடப்போகிறார்கள் என்று போன ஆடியிலிருந்தே பேச்சு. மாவட்ட ஆபீஸ் ஆள் வைத்து எண்ணினாலும் எண்ணும். இந்த மாதிரி வேலைக்கு இந்த மாதிரி ஆளைத்தான் அனுப்புவார்கள், யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று.

பதிவேட்டை இன்று சரிசெய்யவில்லை. வந்தவர்கள் எட்டு, கையெழுத்தும் எட்டு. எட்டு வரிக்குக் கீழே அந்தப் பக்கம் வெறும் வெள்ளையாகக் கிடக்கிறது.

21 நவம்பர், திங்கள்

கட்டடக் குறிப்புக்காகப் பழைய காகிதங்களைப் புரட்டினேன். 1887இல் உப்பு இலாகா ஆபீஸ். இப்போது பத்திரிகை மேசை இருக்கும் இடத்தில் பெரிய தராசு இருந்திருக்கிறது. நடுவில் ஒரு விஷக்காய்ச்சல் வருடம் எட்டு மாதம் ஆஸ்பத்திரி. 1931 முதல் போலீஸ் ஸ்டேஷன். 1979 முதல் சார்நிலைக் கருவூலம். 1996 முதல் நூலகம். நான் வந்தது 2009இல்.

ஒவ்வொரு ஆபீசும் காலி செய்தபோது ஒரே வாசகத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள்: 'நிர்வாக வசதி கருதி'. எனக்கும் அதைத்தான் எழுதுவார்கள்.

அந்தப் பெண்மணியின் கூடையில் ஒரு தூக்குவாளி இருக்கிறது. திறப்பதே இல்லை. கொண்டுவந்தபடியே கொண்டுபோகிறார்.

22 நவம்பர், செவ்வாய்

ரோசம்மாள் ரகசியம் மாதிரி சொன்னாள்: "சார், அந்தம்மா பேரு பேச்சித்தாய். அளத்தெருவு. உப்பு சொமக்கவ. மழக்காலம்லா, அளத்துல வேல கெடையாது. யாரு யாரு எந்தக் கெழம வாராவ, நோட்டுல எழுதியிருக்குமான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"சார்ட்ட கேளுன்னேன்."

பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். வருகிறவர்கள் கையெழுத்துப் போட ஒரு வெள்ளைத் தாள்.

23 நவம்பர், புதன்

வாசல் பலகையிலிருந்த பட்டியலைக் கிழித்து எடுத்துவிட்டேன்.

24 நவம்பர், வியாழன்

அந்த அம்மாள் இன்று என் மேசைக்கே வந்தார்.

"சார், வாசல்ல ஒட்டியிருந்த தாளு எங்க?"

"விழா முடிஞ்சாச்சு. எடுத்தாச்சு."

"அதுல மொதப் பேரு எம்மவன் பேரு சார்."

நான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "ஒரே பேர்ல பல பேர் இருப்பாங்கம்மா."

"கடற்கரையாண்டிங்க பேரு இந்தக் காலத்துல யாருக்கு வைக்காவ? அவன் தாத்தா பேரு. பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுதானுவன்னு அழுவான். எங்க வீட்டுக்காரரு பேரு வேலு. வே. கடற்கரையாண்டின்னுதான வாசிச்சா ரோசம்மா?"

பிறகு அவராகவே சொன்னார். பதினொரு வருடத்துக்கு முன்னால் மகன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தானாம். இரண்டு தடவை தவறிவிட்டது. ஆனி பிறக்கும் சமயம், உப்பளத்தில் வேலை மும்முரம். "லைப்ரரியில போயி ஒக்காந்திருக்கதுக்கு எங்கூட உப்பு அள்ள வாயேம்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டேன் சார். அன்னைக்கு அந்தியில போனவந்தான்." திருப்பூரில் தாய்மாமன் வீட்டுக்குப் போயிருப்பான் என்று பத்து நாள் இருந்துவிட்டார். அங்கே இல்லை என்று தெரிந்த பிறகு இங்கே வந்தும் கேட்டாராம். "அப்பிடி யாரும் வாரதில்லன்னு சொல்லிட்டாவ."

2011. யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

"எங்கய்யாவ இந்தக் கம்பி ரூம்புலதான் போட்டிருந்தாவ சார், கூலி கூடக் கேட்டதுக்கு. நாலு நாளு. நான் சின்னப் பிள்ள, வேலியண்ட நின்னுக்கிட்டே இருந்தேன். விட்டுட்டாவ. அதான் இங்க வந்து நின்னா எம்மவனும் வந்துருவான்னு தோணுது. ஆளு எப்பிடி சார் இருக்கான்?"

எதிரே நின்று அப்படிக் கேட்டால் என்ன சொல்வது?

"கொஞ்சம் மெலிஞ்சிருக்கான்" என்றேன்.

26 நவம்பர், சனி

மழை பெய்வதால் வரமாட்டான், நின்றதும் வருவான் என்றும் சொல்லியிருக்கிறேன். நினைவாக எழுதிவைக்கிறேன், நாளைக்கு மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

தூக்குவாளியில் என்ன இருக்கிறது என்று இன்று தெரிந்தது. நெத்திலிக் குழம்பும் சோறும். ரோசம்மாளிடம் மூடியைத் திறந்து காட்டினாராம்.

28 நவம்பர், திங்கள்

இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஒருவேளை இது எல்லாமே நாடகமாக இருந்தால்? என் வாயிலிருந்தே வரவழைக்க மாவட்ட ஆபீஸ் செய்த ஏற்பாடாக இருந்தால்? எஞ்சினியர் வந்த மறுநாள்தான் இவரும் வந்தார். பெயர், அப்பா பெயர், வருடம் எல்லாம் பிசகில்லாமல் சொல்கிறார். சொல்லிக்கொடுத்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

உறுப்பினர் விண்ணப்பங்களைத் தேடினேன். 2010ஆம் வருடக் கட்டில் இருந்தது. வே. கடற்கரையாண்டி, வயது 23, அளத்தெரு. தாயார் பேச்சித்தாய், இடது கைப் பெருவிரல் ரேகை. ஓரத்தில் புகைப்படம் இருந்த இடத்தில் பசை மட்டும்தான்.

நாடகம் இல்லை.

29 நவம்பர், செவ்வாய்

இன்றும் வந்தார். ஒரு புதுச் சட்டை வாங்கிவந்திருக்கிறார். மெலிந்துவிட்டான் என்று நான் சொன்னதால் சின்ன அளவில்.

1 டிசம்பர், வியாழன்

கடிதம்: எட்டாம் தேதி நேராய்வு. எல்லா வருடத்து வருகைப் பதிவேடுகளும் தயாராக இருக்க வேண்டும். கட்டடம் உப்பு அருங்காட்சியகமாக மாற்றப்பட உள்ளதால் கிளை நூலகம் தொடர்வது குறித்து அன்றே முடிவெடுக்கப்படும்.

பெருக்கிக்கொண்டிருந்த ரோசம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"சார், அந்தப் பேர நீங்கதான் எழுதுதீய."

"என்ன உளறுற?"

"நெதம் சாயங்காலம் பேனா மாத்தி மாத்தி எழுதுததப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். நான் பெருக்குதவதான், குருடி கெடையாது. லைப்ரரிய மூடிட்டா எனக்கும் வேல இல்ல, அதான் பேசாம இருந்தேன். ஆனா அந்தப் பொம்பள சட்ட எடுத்துட்டு வந்திருக்கா சார்."

இவள் மாவட்ட ஆபீசுக்கு ஏற்கெனவே எழுதிவிட்டாளோ?

3 டிசம்பர், சனி

சொல்லிவிட்டேன்.

பேப்பர் படிக்க வந்தவர்கள் போகும்வரை காத்திருந்தேன். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, உங்க மகன் இங்க வரல்ல."

"தெரியும் சார். மழ நிக்கட்டும்."

"இல்ல. வந்ததே இல்ல. ஆள் கம்மின்னு லைப்ரரிய மூடிருவாங்கன்னு நான் பேர்களா எழுதிப் போட்டேன். அந்தப் பேரையும் நான்தான் எழுதினேன்."

அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எழுதிக் காட்டுங்க."

ஒரு தாளில் எழுதினேன். எழுத்துத் தெரியாதவர், ஆனால் வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"அப்ப, மெலிஞ்சு போயிட்டான்னு சொன்னீயளே?"

"அதுவும் நானாச் சொன்னதுதான்."

"அதக் கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல சார்" என்றார். "எம்மவன் பேரு உங்களுக்கு எப்பிடிக் கெடச்சுது?"

பழைய விண்ணப்பத்தில் பார்த்தேன் என்று சொன்னேன். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

4 டிசம்பர், ஞாயிறு

வரவில்லை. வாசலில் நிழல் ஆடும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். போலீசுக்குப் போயிருப்பாரோ என்று ஒரு யோசனை.

அவர் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியில்லை. விண்ணப்பக் கட்டை நான் பிரித்ததே போன திங்கட்கிழமைதான். அந்தப் பெயரை எழுத ஆரம்பித்தது ஆடியில். பார்த்து எழுதவில்லை, தானாகக் கையில் வந்தது.

5 டிசம்பர், திங்கள்

கஜானா அறையைத் திறந்தேன். 2011ஆம் வருடப் பதிவேடு அடியில் கிடந்தது. அட்டையெல்லாம் உப்பு.

ஜூன் 15, புதன்: வே. கடற்கரை என்று கையெழுத்து. கீழே ஒரு கோடு. காலை ஒன்பது மணி. அந்த அம்மாள் சொன்ன சண்டை முந்தின நாள் அந்தியில் நடந்திருக்க வேண்டும். ஜூன் 16 அதே கையெழுத்து. 17 வெள்ளி, விடுமுறை. அன்றைக்கு எங்கே இருந்தான்? 18, 19, 20, 21. ஆறு நாளும் திறக்கும்போது வந்து மூடும்போது போயிருக்கிறான். அம்மா வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம். இந்த ஊரை விட்டே போகாமல் இங்கே உட்கார்ந்திருந்திருக்கிறான்.

21ஆம் தேதிக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு குறிப்பு. என் கையெழுத்து.

அவனை எனக்கு நினைவில்லை என்று எழுதத்தான் இந்த நோட்டைத் திறந்தேன். நினைவிருக்கிறது. சாம்பல் நிறப் பை. பையைத் திற என்று சொன்னபோது எல்லோரும் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை, மற்றவர்களைப் பார்த்தான்.

பிறகு அவன் அம்மா வந்து கேட்டபோது 'அப்பிடி யாரும் வாரதில்ல' என்றதும் நானாகத்தான் இருக்கும். வேறு யார் இந்த மேசையில் இருந்தது?

6 டிசம்பர், செவ்வாய்

கட்டடக் குறிப்பை எழுதி அனுப்பிவிட்டேன். உப்பு இலாகா, ஆஸ்பத்திரி, போலீஸ், கருவூலம், நூலகம். அந்த ஆறு நாளை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியவில்லை. சேர்க்கவில்லை.

கார்த்திகை. ரோசம்மாள் கிறிஸ்தவச்சி, ஆனாலும் நான் தனியாக இருக்கிறேன் என்று அவளே இரண்டு அகல் வாங்கிவந்து படியில் ஏற்றினாள். காற்றில் நிற்கவில்லை.

7 டிசம்பர், புதன்

பதிவேட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அளத்தெருவுக்குப் போனேன். பேச்சித்தாயம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

கையெழுத்தைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தார். விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். "கோடு போடுவான்" என்றார். உள்ளே தகரப் பெட்டியில் அதே மாதிரி எழுதிவைத்திருக்கிறானாம்.

"இது நெசம்" என்றேன். "வீட்ட விட்டுப் போனதுக்குப் பொறவு ஆறு நாள் எங்க லைப்ரரியிலதான் இருந்திருக்கான்."

"ஆறு நாளா? இங்கனயா?" தெருமுனையைப் பார்த்தார். "செவப்புல என்ன எழுதியிருக்கு?"

வாசிக்காமல் விட்டிருக்கலாம். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எழுத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன்:

"ஆறு நாளாக நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். பெரிய பை. நூல்களைக் கடத்துவதாகச் சந்தேகம். பையைச் சோதித்தேன். சட்டை மூன்று, கைலி ஒன்று, துண்டு ஒன்று, சோப்பு ஒன்று, பல்பொடி, படிப்புச் சான்றிதழ்கள் அடங்கிய கவர். நூல் எதுவும் இல்லை. ஆயினும் இனிமேல் இவரை அனுமதிக்க வேண்டாம். ஒப்பம், அ. தாணுமூர்த்தி."

"அது யாரு?"

"நான்தான்."

"புஸ்தகம் இல்லன்னு தெரிஞ்ச பொறவும் ஏன் சார் போகச் சொன்னீய?"

அந்தக் குறிப்பில் காரணத்தைத் தேடினேன். நான் எழுதியிருக்கவில்லை.

அவர் என்னை அடிப்பார் என்றே நினைத்தேன். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். "பையில இருந்தத மட்டும் திரும்ப வாசிங்க" என்றார். வாசித்தேன்.

"சோப்பா?"

"சோப்பு ஒன்று. பல்பொடி."

"பதினோரு வருசமா கடக்கரையில எந்தப் பொணம் ஒதுங்கினாலும் ஓடிப்போயி மொகத்தப் பாப்பேன் சார். நான் சொன்ன சொல்லுல கடல்ல விழுந்துட்டான்னுதான் நெனச்சிருந்தேன். வெளிய யாருட்டயும் சொன்னதில்ல." மூச்சு வாங்கினார். "சாகப் போறவன் சோப்பு எடுத்துட்டுப் போவானா சார்? சர்ட்டிபிகேட்டு எடுத்துட்டுப் போவானா?"

"போகமாட்டான்."

என்னை உற்றுப் பார்த்தார். "சோப்புன்னு அதுல இருக்கா, இதுவும் நீங்களாச் சொல்லுததா?"

அந்த வரிமேல் விரலை வைத்துக் காட்டினேன். அவருக்கு அது போதவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணை அனுப்பி ரோசம்மாளை வரச்சொன்னார். அவள் வரும்வரை நான் விரலை அந்த வரியிலிருந்து எடுக்கவில்லை. ரோசம்மாள் பதிவேட்டை வாங்கி, எழுத்துக்கூட்டி, சத்தமாக வாசித்தாள். 'சோப்பு ஒன்று' என்ற இடம் வந்ததும் பேச்சித்தாயம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். ரோசம்மாள் நிறுத்தினாள். "நிறுத்தாத, வாசி" என்றார்.

கிளம்பும்போது பதிவேட்டுக்காகக் கையை நீட்டினேன். அவர் மடியில் வைத்திருந்தார். ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

8 டிசம்பர், வியாழன்

நேராய்வுக்கு இரண்டு பேர் வந்தார்கள். வந்தவர்களை எண்ணும் ஆள் யாரும் முன்கூட்டி வந்திருக்கவில்லை, யாரும் என்னைப் பற்றி எழுதிப் போடவும் இல்லை என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. போன மாதம் 19ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து வைத்து, இதில் உள்ள எட்டுத்தான் உண்மையான கணக்கு, ஆடியிலிருந்து அதற்கு முன்னால் இருப்பதில் பாதிக்குமேல் நான் போட்டது என்றேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். எழுத்தில் கொடுத்தேன். ரோசம்மாளுக்கு அருங்காட்சியகத்தில் அதே வேலையைத் தர வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அதை வாசித்தபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று தெரியவில்லை.

சின்னவர் பழைய பதிவேடுகளை வருட வாரியாக அடுக்கிக்கொண்டு வந்தார்.

"2011 இல்லையே சார். காணோம்னு எழுதிக்கவா?"

"காணாமப் போகல்ல. கொடுத்துட்டேன்னு எழுதுங்க."

"யார்கிட்ட?"

பெயரையும் தெருவையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்.